தாலியம் ஸ்கேன்: அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை இருக்கு, உள்ள என்னதான் பண்ணுவாங்க?

குற்றாலச்சாரல் · செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் முதல்ல எழுதுறேன். அப்பாவுக்கு வயசு 63, சுகர் பன்னெண்டு வருஷமா இருக்கு, பிபி மாத்திரையும் உண்டு. ரெண்டு மாசமா மாடிப்படி ஏறினா நெஞ்சுல ஒரு பிடிப்பு, கொஞ்ச நேரம் நின்னா சரியாயிடுதுன்னு சொல்லுதாங்க. ஈசிஜி எடுத்தாச்சு, எக்கோ எடுத்தாச்சு (பம்பிங் 58 சதவீதம், நல்லாத்தான் இருக்குன்னாங்க), டிரெட்மில்ல ஏத்தினா முட்டி வலி தாங்காம மூணு நிமிஷத்துலயே இறங்கிட்டாங்க. அதனால டாக்டர் "ஸ்ட்ரெஸ் தாலியம் எடுத்துட்டு வாங்க"ன்னு மதுரைக்கு எழுதிக் கொடுத்துட்டார். வெள்ளிக்கிழமை காலையில 8 மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

ஒரு அரைத்தாள்ல குறிப்பு தந்தாங்க. வெறும் வயித்துல வரணும், காபி டீ கூடாது, இது வரைக்கும் சரி. கடைசி வரியில "பால், வாழைப்பழம், எண்ணெய்ப் பலகாரம் கொண்டு வரவும்"னு போட்டிருக்கு. ஹார்ட் பேஷண்டுக்கு எண்ணெய்ப் பலகாரமா? எங்க அம்மா அது பிரிண்டிங் மிஸ்டேக்னு சாதிக்காங்க.

இன்னொரு தொல்லை, அங்க போர்டுல "அணு மருத்துவத் துறை"ன்னு எழுதியிருந்ததை அப்பா படிச்சிட்டாங்க. "என்னலே, கூடங்குளத்துல இருந்தா கொண்டாந்து ஊசி போடுதானுவ"ன்னு ராத்திரி பூரா தூங்கல. யாராவது எடுத்தவங்க இருந்தா உள்ள போனா என்ன நடக்கும்னு வரிசையா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

வைகைக்கரை · செவ்வாய், இரவு 9.40

தம்பி, முதல்ல அந்த காபி டீ வரியை பெருசா எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க. எங்க மாமாவுக்கு போன வருஷம் இதே டெஸ்ட். விடியக்காலம் நாலு மணிக்கு கார் எடுத்து, ரெண்டு மாவட்டம் தாண்டி, கரெக்டா போய்ச் சேர்ந்து, ஊசி வழி எல்லாம் போட்டு படுக்க வெச்சப்புறம் அந்தப் பொண்ணு கடைசியா ஒரு தடவை கேட்டுச்சு, "காபி எதுவும் சாப்பிடலையே ஐயா?" மாமா ரொம்பப் பெருமையா சொன்னாரு, "காபியெல்லாம் தொடவே இல்லம்மா, வழியில ஒரு டீதான்". முடிஞ்சது. அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வரும்போது கார்ல யாரும் யார் கூடவும் பேசல.

அந்த டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

காமா_கேமரா · செவ்வாய், இரவு 11.05

நான் இந்த வேலையிலதான் இருக்கேன், கேமரா ஓட்டுற டெக்னாலஜிஸ்ட், பதினாலு வருஷம் ஆச்சு. சாரல் தம்பி, அது பிரிண்டிங் மிஸ்டேக் இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, வடை கண்டிப்பா வேணும். ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல பேரு. எல்லாரும் தாலியம்னுதான் சொல்றோம், சீட்டுல கூட அப்படித்தான் எழுதறாங்க, ஆனா இப்ப பெரும்பாலான இடத்துல உள்ள போறது தாலியமே இல்ல, டெக்னீஷியம், ரெண்டுமே கதிர்வீச்சு விடற பொருள்தான். எல்லா காப்பியையும் ஜெராக்ஸ்ங்கற மாதிரி பழைய பேரு ஒட்டிக்கிச்சு. தாலியம் 201-ஓட பாதி ஆயுள் மூணு நாள், டெக்னீஷியத்துக்கு ஆறே மணி நேரம். அப்படின்னா காலையில போட்ட மருந்து ஆறு மணி நேரத்துல பாதி, இன்னொரு ஆறுல கால், மறுநாள் அதே நேரத்துக்கு பதினாறுல ஒரு பங்கு, இது தானா குறையறது மட்டும், யூரின்லயும் மலத்துலயும் போறது தனி.

அப்பாகிட்ட கூடங்குளம் கவலை வேணாம்னு சொல்லுங்க. அது கரண்ட் எடுக்கற ரியாக்டர். இதுக்கு வேண்டிய மாலிப்டினம்ங்கற பொருளை ஆராய்ச்சி ரியாக்டர்ல தயார் பண்றாங்க. ஈயக் கவசத்துக்குள்ள ஒரு சின்னக் குடுவையா அது எங்களுக்கு வரும், மும்பையில இருக்கற பிரிட்ங்கற அரசு அமைப்பு சப்ளை பண்ணுது, வெளிநாட்டுலேந்தும் வருது. அந்த மாலிப்டினம் தானா சிதைஞ்சு டெக்னீஷியமா மாறிட்டே இருக்கும், நாங்க தினம் காலையில சலைன் விட்டு அதை எடுப்போம். எங்க பாஷையில "பால் கறக்கறது"ன்னே சொல்லுவோம், அந்தக் குடுவைக்கு (ஜெனரேட்டர்னு சொல்றது) எங்ககிட்ட பேரே பசுமாடுதான். கறந்ததை இன்னொரு மருந்தோட கலந்து, கொதிக்கற தண்ணியில பத்து நிமிஷம் வெச்சு எடுத்தா ரெடி. இவ்ளோ கதை எதுக்குன்னா, உங்களுக்குன்னு கறந்து வெச்ச மருந்து சாயங்காலம் வரைக்கும் கூட தாங்காது. அதனால வர முடியலேன்னா முதல் நாளே ஒரு போன் பண்ணிடுங்க, ப்ளீஸ்.

டெஸ்டோட சங்கதி இதான். ரத்தம் எங்க போகுதோ அங்க இந்த மருந்தும் போய் இதயத் தசையில ஒட்டிக்கும். சும்மா இருக்கும்போது ஒரு தடவை போட்டு படம், இதயத்துக்கு வேலை கொடுத்துட்டு ஒரு தடவை போட்டு படம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. சும்மா இருக்கும்போது நல்லா இருந்து, வேலை கொடுத்தா ஒரு இடம் மங்கிச்சுன்னா அந்தப் பக்கம் ரத்தம் பத்தலன்னு அர்த்தம். ரெண்டுலயும் மங்கலா இருந்தா அங்க ஏற்கனவே தசை செத்து தழும்பு ஆயிருக்கலாம்.

அப்பாவுக்கு முட்டி வலின்னு சொன்னதால டிரெட்மில்ல ஏத்த மாட்டாங்க, அடினோசின் மாதிரி ஒரு மருந்தை நரம்பு வழியா நாலு இல்ல ஆறு நிமிஷம் மெதுவா விடுவாங்க. அது ரத்தக் குழாயை விரிக்கும், நல்ல குழாய் விரியும், அடைப்பு இருக்கறது விரியாது, வித்தியாசம் தெரிஞ்சிடும். காபி டீயில இருக்கற காஃபின் இந்த மருந்து போய் உக்கார வேண்டிய இடத்துல முன்னாடியே போய் உக்காந்துக்கும், மருந்து வேலையே செய்யாது. அடைப்பு இருக்கறவங்களுக்கும் படம் நல்லா இருக்கற மாதிரி வந்துடும், அதான் ஆபத்து. வைகைக்கரை மாமாவை திருப்பி அனுப்பினது கோவத்துல இல்ல, பொய் ரிப்போர்ட் கொடுக்கக் கூடாதுன்னுதான்.

24 மணி நேரம் முன்னாடியே நிறுத்திடுங்க. காபி, டீ, கோலா, சாக்லேட், டீகாஃப்னு விக்கறதும் சேர்த்துதான், அதுலயும் கொஞ்சம் காஃபின் உண்டு. சாரிடான் மாதிரி சில தலைவலி மாத்திரையிலயும் காஃபின் இருக்கு. டீயை நிறுத்தினா தலை வலிக்கும், தலை வலிக்குதுன்னு அதை ஒண்ணு போட்டுட்டு வந்துடுவாங்க, இந்தக் கூத்தை எத்தனை தடவை பார்த்திருக்கேன்.

மிச்சத்தை நாளைக்கு எழுதறேன், காலையில ஆறு மணிக்கு மாடு கறக்கணும்.

பெருசு62 · புதன், காலை 6.20

இதெல்லாம் சுத்தி வளைக்கிற வேலை. நேரா ஆஞ்சியோ பண்ணிட்டா அடைப்பு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். ஈசிஜிக்கு ஒரு பில்லு, எக்கோவுக்கு ஒரு பில்லு, டிரெட்மில்லுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு, கடைசியில ஆஞ்சியோவும் பண்ணத்தான் போறான். நான் 2015-லயே நேரா போய்ப் படுத்து ரெண்டு ஸ்டென்ட் வெச்சுட்டு வந்துட்டேன், இப்ப ஜம்முனு இருக்கேன்.

ராத்திரிஷிப்ட் · புதன், காலை 7.48

ஐயா நல்லா இருக்கீங்க, சந்தோஷம். ஆனா உங்களுக்கு 2015-ல என்ன நிலைமையில போனீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அட்டாக் வந்து போனவங்களுக்கு நேரா ஆஞ்சியோதான், அதுல பேச்சே இல்ல. இவர் அப்பாவுக்கு படி ஏறினா மட்டும் பிடிக்குது, நின்னா போயிடுது. இங்க கேள்வியே வேற. ஆஞ்சியோ குழாயோட உள் வடிவத்தைக் காட்டும், அந்தக் குழாய் ஊட்டுற தசைக்கு நிஜமாவே ரத்தம் பத்தலையான்னு அந்தப் படம் மட்டும் சொல்லாது. அறுபது சதவீதம் அடைப்புன்னு பார்த்து பயந்துபோய் வருவாங்க, தாலியத்துல ஒண்ணுமே இருக்காது. அப்படியும் உண்டு.

அதுக்காக இந்த ஸ்கேன் தப்பே பண்ணாதுன்னும் நான் சொல்லல. மூணு பெரிய குழாயிலயும் ஒரே அளவுக்கு அடைப்பு இருந்தா மொத்தப் படமும் ஒரே மாதிரி மங்கும், ஒப்பிட நல்ல இடமே இருக்காது, அதனால சில சமயம் நார்மல் மாதிரி ஏமாத்திடும். அதனாலதான் படத்தை மட்டும் பார்க்காம, மருந்து போகும்போது ஈசிஜி என்ன ஆச்சு, பிபி எறங்குச்சா, ஸ்ட்ரெஸ்ல பம்பிங் குறைஞ்சுதா எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறது.

சாரல், மாத்திரை விஷயத்துல நீங்களா எதையும் நிறுத்த வேண்டாம். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை) இருந்தா சில டெஸ்டுக்கு ஒண்ணு ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லுவாங்க, சில பேருக்கு நிறுத்தவே கூடாது. சீட்டு எழுதின டாக்டர்கிட்ட கேளுங்க. வெறும் வயித்துல வரும்போது சுகர் மாத்திரை, இன்சுலின் எப்படின்னும் கேட்டுக்கோங்க, எதுவும் சாப்பிடாம மாத்திரையை மட்டும் போட்டுட்டு வந்து கியூவுலயே மயங்கி விழுந்தவங்களை நான் தூக்கியிருக்கேன். அப்புறம் ஆஸ்துமா, இளைப்பு ஏதாவது இருந்தா முதல் வேலையா சொல்லிடுங்க. அடினோசின் சில பேருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிடும், அவங்களுக்கு டோபுடமின்னு வேற மருந்து வெச்சு பண்ணுவாங்க.

கோவைக்காரி · புதன், மதியம் 1.15

நான் எடுத்தது தாலியம் இல்லைங்க, சிடி ஆஞ்சியோ, சாய மருந்து ஏத்தி இதயக் குழாயை சிடி ஸ்கேன்ல படம் பிடிக்கறது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டு நிறைய பேர் குழம்பறாங்க, அதான் எழுதறேன்.

போன உடனே பல்ஸ் பார்த்தாங்க, 84. "65-க்கு கீழ வந்தாத்தான் படம் தெளிவா வரும்"னு ஒரு மாத்திரை கொடுத்து உக்கார வெச்சுட்டாங்க. பல்ஸ் குறையணும்னு நினைக்க நினைக்க ஏறுதுங்க! பக்கத்துல டிவியில மாமியார் மருமக சண்டை வேற. நர்ஸ் வந்து அதை ஆஃப் பண்ணிட்டுப் போச்சு, அப்புறம்தான் 66-க்கு வந்தது. அப்புறம் நாக்குக்கு அடியில ஒரு ஸ்பிரே அடிச்சாங்க, குழாய் விரியறதுக்காம், தலை விண்ணுன்னு ஆயிருச்சு. ஆம்பளைங்க வயாக்ரா மாதிரி மாத்திரை போட்டிருந்தா இந்த ஸ்பிரே அடிக்கக் கூடாதாம், பிபி பாதாளத்துக்குப் போயிருமாம். எனக்கு முன்னாடி இருந்த பெரியவர்கிட்ட அதைக் கேட்டாங்க, கூடவே அவர் மருமகளும் நிக்குது, பாவம் அந்த மனுஷன்.

உள்ள மொத்தமே பத்து நிமிஷம், அதுல நெஜ ஸ்கேன் சில செகண்டுதான். சாய மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குப்புன்னு சூடு பரவும், இடுப்புக்குக் கீழ வரும்போது துணியிலயே போயிட்டோமோன்னு தோணும். போகாதுங்க, அப்படித் தோணும், அவ்வளவுதான். முன்னாடியே சொல்லி வெச்சாங்க, இல்லைன்னா எந்திரிச்சு ஓடியிருப்பேன். கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்) ரிசல்ட் இல்லாம உள்ளயே விடல, அயோடின் மருந்து கிட்னி வழியா போகறதால.

வைகைக்கரை · புதன், மதியம் 1.50

கால்சியம் ஸ்கோர்னு ஒண்ணு விளம்பரம் வருதே, அது இது ரெண்டும் வேறயா?

ராத்திரிஷிப்ட் · புதன், மதியம் 2.30

வேற. அதுக்கு சாய மருந்து வேண்டாம், ஊசியே இல்ல, படுத்து மூச்சைப் பிடிச்சா முடிஞ்சது. குழாய்ச் சுவர்ல சுண்ணாம்பு எவ்ளோ படிஞ்சிருக்குன்னு ஒரு நம்பர் வரும். அகாட்ஸ்டன்னு ஒரு டாக்டர் குழுவா சேர்ந்து 1990-ல சொன்ன கணக்கு அது. பூஜ்யம்னா ரொம்ப நல்லது, 400 தாண்டினா நிறைய படிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆனா அது அறிகுறி எதுவும் இல்லாதவங்களுக்கு வருங்கால ரிஸ்க் பார்க்கத்தான். படி ஏறினா நெஞ்சு பிடிக்குதுன்னு சொல்றவர் பூஜ்யத்தைப் பார்த்துட்டு வீட்டுல உக்காந்துடக் கூடாது, மென்மையான கொழுப்புப் படிவு சுண்ணாம்பாகாமலும் இருக்கலாம்.

காமா_கேமரா · புதன், இரவு 10.20

மிச்சம்.

ட்ரெஸ். முன்பக்கம் பட்டன் போட்ட சட்டை போட்டுட்டு வரச் சொல்லுங்க. செயின், கயிறு, தாயத்து முடிஞ்சா வீட்டுலயே. நெஞ்சுல முடி அதிகமா இருந்தா நாலஞ்சு இடத்துல ஷேவ் பண்ணிதான் ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டுவோம், அப்பதான் பிடிக்கும்.

தோள்பட்டை. இதை யாருமே முன்னாடி சொல்ல மாட்டாங்க. கேமராவுல மல்லாக்கப் படுத்து ரெண்டு கையையும் தலைக்கு மேல வெச்சு பதினஞ்சு இருபது நிமிஷம் ஆடாம இருக்கணும். கேமரா உங்க நெஞ்சை அரை வட்டமா சுத்தி, ஒரு இடத்துல நிக்கும், படம் எடுக்கும், கொஞ்சம் நகரும், மறுபடி நிக்கும். சத்தம் எல்லாம் இல்ல, எம்ஆர்ஐ மாதிரி குகையும் இல்ல. ஆனா சுகர்காரங்களுக்கு தோள் இறுகிப் போறது சகஜம், பத்தாவது நிமிஷத்துல கை பிடுங்கிட்டுப் போற மாதிரி வலிக்கும், லேசா இறக்கிடுவாங்க, படம் ஆடிடும், இல்லாத அடைப்பு இருக்கற மாதிரி காட்டும். வீட்டுலயே இன்னைக்கு ஒரு தடவை படுத்துப் பார்க்கச் சொல்லுங்க. முடியலேன்னா எங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கைக்கு தலகாணி வெச்சு ஏதாவது பண்ணுவோம்.

இப்ப வடை. நாங்க போடற மருந்து இதயத்துல மட்டும் போய் நிக்காது, கல்லீரலுக்கும் போகும், அங்கேந்து பித்தப்பை, குடல்னு இறங்கும். கல்லீரல் இதயத்துக்கு நேர் கீழ, அது பளபளன்னு எரிஞ்சா இதயத்தோட கீழ்ச்சுவர் தெரியாது. கொழுப்பு இருக்கற எதையாவது சாப்பிட்டா பித்தப்பை சுருங்கி உள்ள இருக்கறதைத் தள்ளிடும், கல்லீரல் சீக்கிரம் காலியாகும். அதான் பால், வடை. ஒரு நாளைக்கு ஒரு வடையில யாருக்கும் அடைப்பு வராது. தண்ணியும் நிறைய குடிக்கச் சொல்லுவோம்.

நேரம்: காலையில வந்தா சாயங்காலம்னு நெனச்சுட்டு வாங்க. ஊசி, முக்கால் மணி காத்திருப்பு, படம், மறுபடி ரெண்டு மூணு மணி காத்திருப்பு, அடுத்த ஊசி, மறுபடி காத்திருப்பு, படம். சில இடத்துல ஸ்ட்ரெஸ் படத்தை முதல்ல எடுத்து அது சுத்தமா நார்மல்னா அடுத்ததே வேணாம்னு அனுப்பிடுவாங்க. கனமான உடம்புக்காரங்களை ரெண்டு நாளா வரச் சொல்றதும் உண்டு.

கதிர்வீச்சு. டெக்னீஷியத்துல ரெண்டு ஊசியும் சேர்த்து சுமாரா 10 மில்லிசீவர்ட் பக்கம். உலகத்துல சராசரியா ஒரு மனுஷனுக்கு மண்ணு, காத்து, சாப்பாடு வழியா வருஷத்துக்கு வர்றது 2.4. அப்ப நாலு வருஷத்துது ஒரே நாள்ல. சும்மா விளையாட்டுக்கு எடுக்கற டெஸ்ட் இல்ல, ஆனா 63 வயசுல நெஞ்சு பிடிக்கறவருக்கு இது பெரிய விஷயமும் இல்ல. கர்ப்பமா இருந்தாலோ பால் கொடுத்துட்டு இருந்தாலோ கட்டாயம் சொல்லணும். அன்னைக்கு ஒரு நாள் பேரப்பிள்ளையை மடியில வெச்சுக் கொஞ்ச வேணாம், டாய்லெட்ல ரெண்டு தடவை தண்ணி ஊத்தணும். ரெண்டு மூணு நாள்ல ஃபிளைட் ஏறப் போறவங்க எங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கோங்க, ஏர்போர்ட்ல கதிர்வீச்சு கண்டுபிடிக்கற மெஷின் கத்திடும். ஒருத்தரை தனியா நிக்க வெச்சு அங்கேந்து எனக்கு போன் வந்துச்சு.

பெருசு62 · வியாழன், காலை 5.55

வடை சாப்பிடச் சொல்ற டெஸ்டுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் இதுக்கே போயிருப்பேன்.

குற்றாலச்சாரல் · வியாழன், இரவு 8.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன், பிபி மாத்திரை போடலாம்னுட்டார், சுகர் மாத்திரையை மட்டும் சாப்பிட்ட அப்புறம் போடச் சொன்னார். நேத்து ராத்திரி எட்டு மணியில இருந்து டீ கட். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிற மனுஷன், இப்ப வீட்டுல யார் பேசினாலும் எரிஞ்சு விழுதாங்க. அம்மா டீத்தூள் டப்பாவை பக்கத்து வீட்டுல கொண்டு போய் வெச்சிட்டாங்க. தோளுக்கு ஒத்திகையும் பார்த்தாச்சு, இடது கை பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல தாங்கல.

குற்றாலச்சாரல் · வெள்ளி, இரவு 10.45

போயிட்டு வந்தாச்சு. மறக்கறதுக்குள்ள எழுதிடுறேன்.

எட்டு மணிக்குப் போனோம். ஒரு படிவம் கொடுத்தாங்க, ஆஸ்துமா உண்டா, கடைசியா காபி டீ எப்ப, என்னென்ன மாத்திரை, எல்லாம் கேட்டிருந்தது, அப்புறம் அதையே வாயாலயும் ரெண்டு பேர் கேட்டாங்க. கையில ஊசி வழி போட்டு, நெஞ்சுல ஸ்டிக்கர் ஒட்டி, டாக்டர் ஒருத்தர் பக்கத்துலயே நின்னார். என்னை கதவுகிட்ட நிக்க விட்டாங்க, அந்தக் கதிர்வீச்சு மருந்து போடுற வரைக்கும்தான்.

அடினோசின் ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துல அப்பா முகம் செவசெவன்னு ஆயிட்டு. "நெஞ்சுல அம்மிக்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு"ன்னாங்க, மூச்சை இழுத்து இழுத்து விடுதாங்க. எனக்கு காலே ஓடல. ஆனா அந்த சிஸ்டர் ரொம்ப சாதாரணமா, "இது மருந்தோட வேலைதான் ஐயா, இன்னும் மூணு நிமிஷம்... இன்னும் ரெண்டு"ன்னு எண்ணிட்டே இருந்தாங்க. நடுவுல ஒரு கனமான உலோகக் கூட்டுக்குள்ள இருந்த சிரிஞ்சை எடுத்துட்டு வந்து இன்னொரு வழியில போட்டாங்க, அதுதான் அந்த டெக்னீஷியம் போலிருக்கு, என்னை வெளிய அனுப்பிட்டாங்க. மருந்தை நிறுத்தினதும் ஒரு நிமிஷம்கூட ஆகல, எல்லாம் போயிட்டுன்னு அப்பா சொன்னாங்க. இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் அவ்ளோ பயந்திருக்க மாட்டேன்.

காமா_கேமரா · வெள்ளி, இரவு 10.52

அடடா, அதை விட்டுட்டேனே, தப்பு என்னுதுதான். தினம் பார்க்கறதால எனக்கு அது கண்ணுலயே படறதில்ல. அடினோசின் ரத்தத்துல பத்து செகண்டுக்குள்ள பாதி காலியாகிடும், அதான் நிறுத்தின உடனே சரியாயிடுது.

குற்றாலச்சாரல் · வெள்ளி, இரவு 11.10

பரவாயில்ல அண்ணே. அப்புறம் வெளிய ஒரு ஹால், ஊசி போட்டவங்க மட்டும் உக்கார்ற இடம், அவங்களுக்குன்னு தனி டாய்லெட். அங்க பார்த்தா கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆளாளுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சிருக்காங்க, பூரி, பஜ்ஜி, ஒருத்தர் முந்திரிக்கொத்து. எல்லாரும் ஹார்ட் பேஷண்ட்! வருஷக்கணக்கா வீட்டுல எண்ணெய்யைக் கண்ணுல காட்டாதவங்க அன்னைக்கு டாக்டர் சொல்லிச் சாப்பிடுதாங்க, அந்த முகத்தையெல்லாம் பார்க்கணுமே. அப்பா மூணு வடை சாப்பிட்டாங்க, ஒண்ணுதான் வேணும்னு சொல்லியும் கேக்கல.

முதல் படத்துல ஒரு கோளாறு. ராத்திரி தூங்காததும் வடையும் சேர்ந்து அப்பா கேமராவுலயே அசந்துட்டாங்க, திடுக்குன்னு முழிச்சு கையை இறக்கிட்டாங்க, திரும்ப முதல்ல இருந்து எடுத்தாங்க. திட்டல. இடது முழங்கைக்கு கீழ துணியை மடிச்சு வெச்சாங்க, அதுக்கப்புறம் தாங்கிட்டு. ரெண்டாவது ஊசிக்கு அம்மிக்கல் எல்லாம் இல்ல, சும்மா குத்தினதோட சரி. நாலரைக்கு வெளிய விட்டாங்க.

வெளிய வந்ததும் முதல் வேலையா ஹாஸ்பிடல் எதிர்க்க டீக்கடை.

கோவைக்காரி · சனி, காலை 9.05

அந்த டீக்கடைக்காரர் அந்த டிபார்ட்மென்டை நம்பியே கடை போட்டிருப்பாருங்க.

குற்றாலச்சாரல் · திங்கள், இரவு 8.15

ரிப்போர்ட் வந்துட்டு. "இன்ஃபீரியர் வால்ல சின்ன அளவு ரிவர்சிபிள் டிஃபெக்ட், மற்ற இடங்கள் நார்மல், ஸ்ட்ரெஸ்ல பம்பிங் 61"னு இருக்கு. படிச்ச உடனே அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க. டாக்டர் பார்த்துட்டு, ஒரு சின்னப் பகுதிக்கு வேலை கொடுக்கும்போது ரத்தம் கொஞ்சம் பத்தல, தழும்பு இல்ல, இப்போதைக்கு மாத்திரையில போவோம்னு கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஆஸ்பிரினும் இன்னொண்ணும் எழுதிட்டார். மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னார், நடுவுல வலி அதிகமானாலோ சும்மா உக்காந்திருக்கும்போது வந்தாலோ உடனே வரணும்னார். அடைப்பு இருக்குன்னு தெரிஞ்சும் ஆஞ்சியோ பண்ணாம விடலாமா? சித்தப்பா போன்ல ஒரே சத்தம்.

பெருசு62 · திங்கள், இரவு 8.40

சித்தப்பா சொல்றது கரெக்ட்.

ராத்திரிஷிப்ட் · செவ்வாய், அதிகாலை 2.10

பெருசு ஐயா, நீங்க தூங்கிட்டு இருக்கும்போது எழுதறேன், காலையில திட்டுங்க.

இந்தக் கேள்விக்காகவே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது, இஸ்கீமியா ட்ரையல்னு பேரு, 37 நாடு, 5179 பேர், நம்ம நாட்டு பேஷண்டுகளும் அதுல உண்டு, 2020-ல முடிவு வந்தது. சாரல் அப்பாவை விட மோசமா, நடுத்தரத்துல இருந்து தீவிரம் வரைக்கும் ரத்தக் குறைவு காட்டினவங்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு உடனே ஆஞ்சியோ, தேவைன்னா ஸ்டென்ட் இல்ல பைபாஸ், கூட மாத்திரை. இன்னொரு பாதிக்கு மாத்திரைதான் முதல்ல, கட்டுப்படலேன்னா மட்டும் ஆஞ்சியோ. சராசரியா மூணு வருஷத்துக்கு மேல பார்த்ததுல சாவுலயோ அட்டாக்லயோ ரெண்டு பக்கமும் பெருசா வித்தியாசம் இல்ல. நெஞ்சு வலி அதிகமா இருந்தவங்களுக்கு ஆஞ்சியோ பக்கம் வலி நல்லாவே குறைஞ்சது, அதுவும் உண்மை. இடது பக்க முக்கியக் குழாயில பெரிய அடைப்பு இருந்தவங்களையும், பம்பிங் ரொம்பக் குறைஞ்சவங்களையும், இப்பதான் அட்டாக் வந்தவங்களையும் அதுல சேர்க்கல, அவங்க கணக்கு தனி.

அதனால உங்க டாக்டர் சொன்னது அலட்சியம் இல்ல. ஒரு சந்தேகம் கேக்கணும்னா இதைக் கேளுங்க: ஆம்பளைங்களுக்கு கீழ்ச்சுவர் (ரிப்போர்ட்ல இருக்கற இன்ஃபீரியர் வால்) மங்கறது சில நேரம் உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசை, மறைக்கறதால வர்ற நிழலாவும் இருக்கும், பொம்பளைங்களுக்கு மார்பகத்தால முன்சுவர்ல அதே மாதிரி. நிழல்னா ரெண்டு படத்துலயும் ஒரே மாதிரி இருக்கும், இங்க மாறுதுன்னு எழுதியிருக்கறதால நிஜமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், ஆனா படத்தைப் பார்க்காம நான் அடிச்சு சொல்லக் கூடாது.

குற்றாலச்சாரல் · செவ்வாய், இரவு 9.30

இதை அப்படியே சித்தப்பாவுக்கு அனுப்பிட்டேன். "சரி, பார்ப்போம்"னு ஒரு வரி வந்துது, அவர் வாயில இருந்து அது பெரிய விஷயம். அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுதாங்க, காலையில மெதுவா நடக்காங்க. டீ நாலாயிட்டு.

புதுவரவு_தஞ்சை · ஞாயிறு, காலை 11.20

இந்த இழையை முழுசா படிச்சேன், ரொம்ப உதவியா இருந்துச்சு. எங்க அம்மாவுக்கு வர்ற புதன்கிழமை இதே ஸ்கேன். அம்மா காபி டீ எதுவும் குடிக்க மாட்டாங்க, ஆனா மூச்சு இளைப்புக்கு டெரிஃபிலின் மாத்திரை தினமும் போடறாங்க. அது பரவாயில்லையா? அப்புறம் வடை கட்டாயம் உளுந்து வடைதானா?

காமா_கேமரா · ஞாயிறு, காலை 11.31

பரவாயில்ல இல்லங்க, இன்னைக்கே சென்டருக்கு போன் போடுங்க. அந்த மாத்திரையும் காஃபின் மாதிரியே அடினோசினைத் தடுக்கும், அது போக இளைப்பு இருக்கறவங்களுக்கு வேற மருந்து வெச்சு பண்ண வேண்டி வரலாம். நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, அவங்க சொல்லுவாங்க.

குற்றாலச்சாரல் · ஞாயிறு, மதியம் 12.05

வடை கேள்விக்கு அம்மா பதில் சொல்லச் சொன்னாங்க. உளுந்த வடை நாலு மணி நேரத்துல கல்லாயிடும், அப்பா அதை பால்ல முக்கித்தான் சாப்பிட்டாங்க. மசால் வடை கொண்டு போங்க. ரெண்டு கூடுதலா வைங்க, பக்கத்து சீட்டுக்காரர் கண்டிப்பா கேப்பாரு.